இருவரும் சேர்ந்து ‘போதும்’ என்று சொல்ல: குமரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிமுறை

‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13 வசனத்தைக் குமரி மாவட்டத்தில் ஆட்டோ, வேன், வீட்டு வாசல் என்று எங்கும் பார்க்கலாம். அதற்கு முந்தின இரண்டு வசனங்களை யாரும் ஒட்டுவதில்லை. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும். பசியாயிருக்கவும் பழகினேன், திருப்தியாயிருக்கவும் பழகினேன் என்கிறார் பவுல். அதற்குத்தான் அந்தப் பெலன். அதை அவர் எழுதியது விலங்கு பூட்டப்பட்ட காவலில். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், ஒத்துப்போகாமல் நின்ற எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களை ஏகசிந்தையாயிருக்கும்படி கெஞ்சுகிறார். மனரம்மியம் (போதுமென்ற மனநிறைவு) பற்றிய பேச்சு ஒரு மனத்தாங்கலைத் தீர்ப்பதில் ஆரம்பிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்யாண வாழ்க்கையிலும் இதே வரிசைதான். புருஷன் ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு ‘போதும்’ என்பார், மனைவி வேறொரு தொகையை நினைத்து ‘போதாது’ என்பாள். இரண்டு பேரும் ஜெபிப்பவர்களாக இருக்கலாம். ஆனாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே நோட்டைப் பார்த்து, ஒரே ஜெபத்தைச் சொல்லாதவரை அந்த இரண்டு ‘போதும்’களும் சந்திப்பதில்லை. கீழே சொல்வது அதற்கான ஏற்பாடு: தினமும் கால் மணி நேர ஜெபம், வாரத்தில் ஒருநாள் முக்கால் மணி நேரக் கணக்கு, சனிக்கிழமை அந்தியில் கொஞ்சம் வேலை. மூன்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம், பத்து நாளில் எல்லாம் நின்றுபோகும். முதலில் ஜெபம் மட்டும். மூன்று வாரம் அது ஓடிய பிறகு கணக்கு.

தினமும் கால் மணி நேரம்

நேரத்தைத் தொழில் தீர்மானிக்கட்டும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன்னே எழுந்தாக வேண்டும். அவர் வீட்டில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஜெபம் வைத்தால் இரண்டாம் வசனத்திலேயே தலை சாயும். அங்கே ஏழரை மணி சரி, சாப்பாட்டுக்கு முன்னால். அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போகும் பெண்கள் சாயங்காலம் வந்து குளித்து, அடுப்பு பற்ற வைத்து நிமிரவே ஏழு ஆகிவிடும், அவர்களுக்கு எட்டு மணி. பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு எட்டரை. எந்த நேரமானாலும் அதற்கு ஒரு அடையாளம் இருக்கட்டும்: அரிசி வெந்து அடுப்பை அணைத்ததும், அல்லது பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடித்துப் பையை மூடியதும். மணியை மட்டும் நம்பினால் டிவி ஜெயித்துவிடும்.

பாய் விரித்துத் தரையில் உட்காருவது நல்லது. முழங்கால் வலிக்கிற பெரியவர்களுக்கு நாற்காலி. போன்களெல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். ‘பைபிள் போனில்தான் இருக்கிறது’ என்கிற வீட்டில் அச்சுப் பைபிள் ஒன்று வாங்கிவிடுங்கள், ஏனென்றால் வசனம் தேடப் போன விரல் வாட்ஸ்அப்பில் போய் நிற்கும்.

ஒழுங்கு இப்படி: பாட்டு ஒரு சரணம், இரண்டு நிமிடம். வாசிப்பு நான்கு நிமிடம். நன்றி சொல்வது நான்கு நிமிடம். வேண்டுதல் மூன்று நிமிடம். கடைசியில் கர்த்தருடைய ஜெபம். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் ஐம்பத்து மூன்று மணி செபமாலைக்கே பதினைந்திலிருந்து இருபது நிமிடம் ஆகும். மே, அக்டோபர் மாதங்களில் அதை முழுசாகச் சொல்லுங்கள். மற்ற மாதங்களில் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலை நாட்களுக்கு ஒரு பத்துமணி (மாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி), வாசிப்பு, நன்றி, ஞாயிறன்று முழுமாலை. தினமும் முழுசாகச் சொல்ல முயன்று ஒரேயடியாக விட்டுவிட்ட வீடுகள் நிறைய உண்டு.

எதை வாசிப்பது? பிலிப்பியர் நிருபத்தில் நான்கு அதிகாரம், 104 வசனம். நாளைக்கு எட்டு வசனம் என்றால் பதின்மூன்று நாளில் முடியும். அடுத்து ரூத், நான்கு இரவில் நான்கு அதிகாரம். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத கதை அது, மாமியார் உட்கார்ந்திருக்கும் பாயில் வாசிக்க அதைவிட நல்லதில்லை. பிறகு நீதிமொழிகள். 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்று, அதிலும் முழு அதிகாரம் வேண்டாம், பத்து வசனம் போதும். சங்கீதம் 119ஐ (176 வசனம்) ஒரே இரவில் வாசித்துப் பிள்ளைகளை ஜெபத்துக்கே பகையாக்கிவிட வேண்டாம். வாசிக்கிறவர் தினமும் மாற வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு வசனம் கொடுத்து, அது தடுக்கும்போது யாரும் திருத்தாமல் காத்திருங்கள்.

இதில் முக்கியமானது நன்றி சொல்லும் நான்கு நிமிடம். ‘ஜீவன், சுகம், பெலன் தந்தீர், ஸ்தோத்திரம்’ என்பது எல்லார் வாயிலும் தானாக வரும், அதனால் அது மனதைத் தொடுவதில்லை. ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘ஆண்டவரே, இன்னைக்கு சாளை மீன் விலை கொறஞ்சிருந்துது, பிள்ளையளுக்கு வயிறு நெறய குடுக்க முடிஞ்சுது.’ ‘மோட்டார் ரிப்பேர் ஆனப்போ பக்கத்து வீட்டுல வெள்ளம் தந்தாங்க.’ புருஷனும் மனைவியும் வாரத்தில் மூன்று நாளாவது ஒருவர் மற்றவரைக் குறித்து நன்றி சொல்ல வேண்டும், அதுவும் காரியத்தோடு: ‘காய்ச்சலோடயும் அவ காப்பிக்குப் புட்டு அவிச்சா’, ‘அவரு சம்பளத்த கவரோட கொண்டு தந்தாரு.’ முதல் வாரம் கூச்சமாகத்தான் இருக்கும். நம்மூரில் பெண்டாட்டியைப் பெண்டாட்டி முன்னாலேயே பாராட்டுவது பழக்கமில்லாத காரியம், கடவுளிடம் சொல்வதுபோல் சொல்லிவிடலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டில் உள்ள சௌகரியம்.

இனி, எங்கே கெட்டுப்போகிறது என்று பார்ப்போம்.

முதல் வியாதி குத்து ஜெபம். ‘ஆண்டவரே, கையில காசு நிக்காதவங்களுக்குப் புத்தி குடும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மனைவி சொல்கிறாள், பக்கத்தில் கண்ணை மூடியிருப்பவருக்கு அது யாரென்று தெரியும். மறுநாள் அவர், ‘வாய அடக்கத் தெரியாத மனுஷரத் திருத்தும்’ என்பார். மூன்றாம் நாள் ஜெபம் இருக்காது. பாயில் உட்கார்ந்திருக்கும் யாருடைய குறையும் சத்தமான ஜெபத்தில் வரக்கூடாது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைகளுக்குத் தனி ஜெபம் இருக்கிறது, கணக்கு நாளும் இருக்கிறது.

இரண்டாவது நீளம். வீட்டுத் தலைவர் உபவாசக் கூட்டத்து ஊழியர் மாதிரி இருபது நிமிடம் ஜெபித்தால் பிள்ளை தூங்கும், மனைவிக்குக் குழம்பு நினைவு வரும். மூன்றாவது, வசனத்தைக் கம்பாக்குவது. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் ‘மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்’ என்ற 22ஆம் வசனத்தை மட்டும் வாசிக்கும் ஆண்கள் உண்டு. அந்தப் பகுதியை எப்போதும் 21லிருந்து 33 வரை வாசியுங்கள். 21இல் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. 25இல் கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல் புருஷன் அன்புகூர வேண்டும் என்கிறது. கணக்கில் அதிகப் பாரம் யார் தலையில் என்பது அப்போது தெரியும்.

துணைவருக்கு விருப்பமில்லாவிட்டால்? ஒருவர் தனியாக உட்காரலாம், பிள்ளைகளை அழைக்கலாம். டிவி பார்க்கிறவரின் காதில் விழும்படி குரலை உயர்த்தக் கூடாது. அவர் வந்து உட்காரும் நாளில் ‘இன்னைக்காவது வந்தீங்களே’ என்று சொல்லவும் கூடாது. குடும்பஸ்தனுக்குப் பக்தி ஒத்துவராது என்று நினைப்பவர்கள் நட்டாலத்தை நினைத்துக்கொள்ளலாம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட, அந்த ஊரில் பிறந்த தேவசகாயம் குருவும் அல்ல, துறவியும் அல்ல. ஞானப்பூ அம்மாளின் கணவர்.

கணக்கு நோட்டு

மாதத்தில் நான்கு முறை, முக்கால் மணி நேரம். வெள்ளி இரவு அல்லது சனி மத்தியானம், பிள்ளைகள் வெளியே விளையாடும்போது. நூறு பக்க நோட்டு ஒன்று. சிறு ஜெபத்தோடு ஆரம்பித்து, முதலில் மனைவி பேச வேண்டும், ஏனென்றால் காஸ் எப்போது தீரும், எந்தக் கடையில் பாக்கி என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் பேசி முடிக்கிறவரை புருஷன் எழுதட்டும்.

உதாரணத்துக்கு, மாதம் 24,000 வருகிற ஒரு வீடு. சபைச் சந்தா அல்லது கோயில் வரியும் காணிக்கையும் 1,500. அரிசி, மளிகை, மீன், காய்கறி 9,000. காஸ், கரண்ட், போன் 2,200. பள்ளிக்கூடமும் பஸ்ஸும் 2,500. குழு லோன் 3,600. மருந்து 800. ஆக 19,600. மிச்சம் 4,400. இதைச் செலவில் கரையவிடாமல் அப்போதே பிரிக்க வேண்டும்: மழைக்கால ஒதுக்கு 2,000, கல்யாணம், மறுவீடு, அடக்கம் போன்றவற்றுக்கு 1,200, புருஷனுக்கு 400, மனைவிக்கு 400. கையில் நிற்பது 400.

அந்த இரண்டு 400க்கும் யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. அவர் சாயா குடிக்கலாம், அவள் தங்கச்சி பிள்ளைக்கு வளையல் வாங்கலாம். இதை வீண் என்று நினைத்து வெட்டிவிடும் வீடுகளில்தான் ஒளித்து வைப்பதும் பொய் சொல்வதும் தொடங்குகின்றன.

மழைக்கால ஒதுக்கு நம் மாவட்டத்துக்குக் கட்டாயம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். ஜூன், ஜூலை, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் ரப்பர் வெட்டும் கட்டட வேலையும் அடிக்கடி நின்றுபோகும். பிப்ரவரி வாக்கில் ரப்பர் இலை உதிரும்போது வெட்டுக்கு ஓய்வு. விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம்: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, எந்தத் தொழில் என்றாலும் இரண்டு மூன்று மாதம் வருமானம் இளைக்கும் என்பது ஜனவரியிலேயே தெரிந்த விஷயம். ஒன்பது மாதம் 2,000 வைத்தால் 18,000. இளைத்த மூன்று மாதத்துக்கு மாதம் 6,000. ஒதுக்கு இல்லாத வீட்டில் ஜூன் மாதச் சண்டைக்குக் காரணம் சுபாவமென்று நினைத்து இருவரும் ஒருவரையொருவர் நோவார்கள். உண்மையில் அது காலிப் பெட்டியின் சண்டை.

நகை. அவசரத்துக்கு ஒரு லட்சம் அடகு வைத்தால், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வருஷத்துக்கு 12,000. இரண்டு ரூபாய் வட்டியில் 24,000. எழுதிப் பார்த்தால்தான் இது உறைக்கும். அடகு ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டி, மீட்கிற மாதத்தையும் எழுதுங்கள். பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுடையது, சட்டப்படியும் அப்படித்தான். அவள் வாயால் சம்மதம் சொல்லாமல் பீரோவைத் திறக்கக் கூடாது. ‘கேட்டா குடுத்திருப்பா’ என்பது சம்மதம் ஆகாது. வாரத் தவணைக் குழு லோன் ஒன்றை அடைக்க இரண்டாவது ஒன்றை எடுப்பது அடுத்த படுகுழி. முதல் லோன் முடியும் வாரத்தை நோட்டில் வட்டம் போட்டு வைத்தால் இரண்டாவதற்குக் கை நீளாது.

கல்யாணச் செலவுக்கு ஒரு தந்திரம் உண்டு. தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்குப் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் ஒரே நாளில் மூன்று கல்யாணம் வரும். பிப்ரவரியிலேயே தெரிந்த கல்யாணங்களை எழுதி, யாருக்குச் சுருள் (கல்யாண மொய்) எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிடுங்கள். புருஷன் வீட்டுச் சொந்தத்துக்கும் மனைவி வீட்டுச் சொந்தத்துக்கும் ஒரே அளவு. இந்த ஒரு விதியை மட்டும் ஒரு வருஷம் காப்பாற்றினாலே வீட்டில் பாதி முணுமுணுப்பு அடங்கும். கோயில் திருவிழா வரியும் புது ஆலயக் கட்டுமானத்துக்கான வாக்குத்தத்தத் தொகையும் இதே கணக்கில்தான் வர வேண்டும். பெயர் வாசிப்பார்கள் என்பதற்காகக் கடன் வாங்கிக் காணிக்கை எழுதுவதில் பக்தி ஒன்றும் இல்லை.

‘போதும்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி: யார் சொல்கிறாரோ அவர் செலவில் முதலில் வெட்ட வேண்டும். 1 தீமோத்தேயு 6:8ஐ, உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்பதை, தன் பைக்குக்குப் புது டயர் போட்டுவிட்டு வந்து மிக்சி கேட்கிற மனைவியிடம் வாசித்தால், அந்த வசனம் அந்த வீட்டில் அதன்பிறகு வேலை செய்யாது. மிக்சி இல்லாமல் அம்மியில் அரைக்கிறவளின் தோள்வலியும் தேவைதான், ஆடம்பரம் கிடையாது. தேவை எது, ஆசை எது என்பதில் இழுபறி வந்தால், பொருளின் பெயரையும் தேதியையும் எழுதி முப்பது நாள் விடுங்கள். முப்பதாம் நாளும் இருவருக்கும் வேண்டுமென்று தோன்றினால் வாங்கலாம். பாதிக்குமேல் தாமாகவே அடிபட்டுப்போகும்.

லெந்து (தவக்கால) நாட்களை இதற்குப் பயன்படுத்தலாம். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை, ஞாயிறுகளைச் சேர்த்தால் 46 நாள். சாப்பாடு, மருந்து, படிப்பு தவிர எதுவும் புதிதாக வாங்குவதில்லை என்று இருவரும் தீர்மானித்துப் பாருங்கள். மிஞ்சும் தொகை ஈஸ்டர் துணிக்கடைக்குத் திரும்பிப் போகாதபடி, அது எங்கே போகும் என்பதைச் சாம்பல் புதனன்றே எழுதி வைக்க வேண்டும்: பக்கத்து வீட்டு டயாலிசிஸ் நோயாளிக்கோ, அடகிலிருக்கும் கம்மலுக்கோ.

சொத்து விஷயத்திலும் ‘போதும்’ தவறாகப் பயன்படுகிறது. 1956இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை நாம் திருவிதாங்கூர் நிலத்தில் இருந்தவர்கள். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று வைத்திருந்தது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கி, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இப்போது உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆனாலும் ‘ஸ்திரீதனம் (வரதட்சணை) தந்தாச்சு, விசுவாசியான பொம்பளப் பிள்ளை பங்கு கேக்கலாமா’ என்று ஆண்கள் கூடிப் பேசும் வழக்கம் போகவில்லை. பங்கை வாங்குவதா விடுவதா என்பதை அந்த மகள் தீர்மானிக்கட்டும். அவள் புருஷன் அவளை நெருக்கிக் கேட்க வைப்பதும் தப்பு, அண்ணன் வசனம் காட்டி வாயடைப்பதும் தப்பு. தகப்பனார் திடமாக இருக்கும்போதே உயில் எழுதிப் பதிவு செய்துவிடுவது பிள்ளைகளுக்குச் செய்கிற பெரிய உபகாரம்.

சனி அந்தி, ஞாயிறு காலை

வாரத்தில் மோசமான முக்கால் மணி நேரம் எதுவென்றால், ஆராதனைக்குக் கிளம்பும் நேரம்தான். ஒற்றைச் செருப்பு கிடைக்காது, அயர்ன் பண்ணாத சட்டை, காணிக்கைக்குச் சில்லறை இல்லை. புருஷன் பைக்கை ஸ்டார்ட் செய்து வாசலில் ஹாரன் அடிப்பார். மனைவி ஈரத் தலையோடு ஓடிவந்து ஏறுவாள். இருவரும் பேசாமல் போய், பக்கம் பக்கமாக நின்று சமாதான வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

இதைச் சனிக்கிழமையே தடுக்கலாம். அந்திக்கு எல்லாருடைய துணியையும் அயர்ன் பண்ணித் தொங்கவிடுவது புருஷன் வேலை. காணிக்கையை எண்ணி ஒவ்வொருவர் பைபிளுக்குள்ளும் வைப்பது பிள்ளைகள் வேலை. காலைக் காப்பிக்குப் புட்டும் பயறும் பப்படமும் என்றால், சிறுபயற்றை ராத்திரியே ஊறப் போட்டுவிட வேண்டும், காலையில் குக்கரில் ஓரிரு விசில் போதும். தேங்காயைத் துருவி பிரிட்ஜில் வைத்தால் அரை மணி நேர வேலை மிஞ்சும். மத்தியானக் குழம்புக்கு மசாலாவும் அப்போதே அரைத்து வைக்கலாம். மாவை மட்டும் ராத்திரியே நனைக்காதீர்கள், புளித்துக் கட்டி கட்டும். காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, கையில் பிடித்தால் நிற்கவும் உதறினால் உதிரவும் வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் இறைச்சிதான் வேண்டுமென்ற பிடிவாதத்தைத் தளர்த்தினால், ஆராதனை முடிந்து மனைவி நேராக அடுப்படிக்கு ஓட வேண்டியதில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்து, முந்தின நாள் மீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடும் வீடு ஒன்றும் குறைந்துபோகாது. முந்தின நாள் குழம்புக்குத்தான் ருசியும் அதிகம். பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைவிடச் சிநேகத்தோடிருக்கும் இலைக்கறி நல்லது என்று நீதிமொழிகள் 15:17 சொல்வது ஞாயிற்றுக்கிழமைக்கென்றே எழுதியதுபோல் இருக்கும்.

கோபம் வந்தால்

சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்ற எபேசியர் 4:26ஐ, ‘இன்றிரவே முழுசாகப் பேசித் தீர்க்க வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டு பதினொரு மணிவரை வாதாடும் தம்பதிகள் இருக்கிறார்கள். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் பேசிய பேச்சு காலையில் இன்னொரு சண்டையாகும். செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, குரல் உயர்ந்ததும் இருபது நிமிடம் பிரிந்திருப்பது. ஒருவர் கிணற்றடிக்கோ மாடிக்கோ போகலாம், ‘இருபது நிமிசத்துல வாறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் அது அவமதிப்பு. இரண்டு, படுக்குமுன் எரிச்சலை மட்டும் இறக்குவது: ‘நான் பேசுனது தப்பு. விஷயத்தப் பத்தி நாளைக்குப் பேசுவோம்.’ இரண்டே வாக்கியம்.

மன்னிப்புக் கேட்கும்போது ‘ஆனா’ வரக்கூடாது. ‘தப்புதான், ஆனா நீ அப்படிச் சொன்னதாலதான்’ என்பதில் முதல் சொல் அழிந்துபோகும். தன் வீட்டாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒருநாள் பொறுங்கள். நீங்கள் மறுநாள் மறந்துவிடுவீர்கள், உங்கள் அம்மா அடுத்த கிறிஸ்மஸ் வரை மறக்க மாட்டார். படுக்கையைத் தண்டனையாக்குவதும் வேண்டாம். 1 கொரிந்தியர் 7:5, ஒருவரையொருவர் விலகியிருப்பதற்கு இருவருடைய சம்மதத்தையும், ஜெபத்தையும், குறுகிய காலத்தையும் நிபந்தனையாக வைக்கிறது.

கடலுக்கும் கல்ஃபுக்கும் போனவர் வீடுகள்

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் திரும்பாது, கரையை விட்டு விலகினால் போனும் எடுக்காது. அந்த நாட்களில் ஜெப நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், அங்கே படகில் இருப்பவருக்கும் ‘இப்போ வீட்டுல பாய் விரிச்சிருப்பாங்க’ என்று தெரியும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு, காற்று மாறினாலே அந்த வீடுகளில் பெண்களுக்குத் தூக்கம் இல்லை. கரைக்கு வந்ததும் முப்பது மிஸ்டு கால் பார்த்து எரிந்து விழுவதற்கு முன் அதை நினைக்க வேண்டும்.

திரும்பி வந்த முதல் நாள் மீன் விற்ற கணக்கும் வேண்டாம், பிள்ளைகளைப் பற்றிய புகாரும் வேண்டாம். சாப்பாடு, குளியல், தூக்கம். இரண்டாம் நாள் அந்தியில் நோட்டைத் திறக்கலாம். இத்தனை நாள் வீட்டை நடத்தியவள் மனைவி. வந்தவுடன் எல்லா முடிவையும் தன் கைக்கு இழுத்துக்கொண்டால், பத்து நாளில் மறுபடி கடலுக்குப் போகும்போது வீடு குழம்பிக் கிடக்கும். அவள் தொடங்கியதை அவளே முடிக்கட்டும்.

கல்ஃபில் இருப்பவரோடு ஜெபிக்க நேரக் கணக்கு: இங்கே இரவு 8:30 என்றால் துபாய், அபுதாபியில் 7:00; சவூதி, குவைத், கத்தாரில் 6:00. வாரத்தில் இரண்டு நாள் போதும், தினமும் என்றால் அவருடைய ஓவர்டைம் இடிக்கும். அழைப்பில் முதல் பத்து நிமிடம் ஜெபம், பிறகுதான் பணப் பேச்சு. இந்த வரிசை தலைகீழானால் ஜெபத்துக்கு இடமிருக்காது. வீடு கட்டுவதென்றால் அவர் இரண்டு வருஷம் கூடுதலாக அங்கே இருக்க வேண்டிய தொகை எது, மேல்மாடியா, கிரானைட்டா என்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்று பேர் இருக்க ஆறு அறை கட்டிப் பூட்டிப் போட்டிருக்கும் வீடுகள் கருங்கல், மார்த்தாண்டம் சாலையோரமெல்லாம் தெரியும்.

மாமியாரோடு ஒரே அடுப்பு என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்: காலைச் சமையல் ஒருவருக்கு, ராத்திரிச் சமையல் மற்றவருக்கு. உப்பு குறைவென்றால் சமைத்தவர் முன்னாலேயே மகன் சொல்லட்டும், மற்றவரிடம் போய்ச் சொல்ல வேண்டாம். குழந்தை இல்லாத தம்பதியிடம் ஆலய வாசலில் ‘விசேஷம் ஒண்ணும் இல்லையா’ என்று கேட்கிற பழக்கத்தை உறவுக்காரர்கள் விட்டால், அவர்கள் ஜெபத்துக்கு அதுவே பெரிய உதவி.

இந்த வழிமுறைக்கு அடங்காதவை

அடி, உதை, குடித்துவிட்டு வந்து பிள்ளைகளை எழுப்பிப் பயமுறுத்துவது, நகையைப் பிடுங்குவது, ஸ்திரீதன பாக்கிக்காகப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது ஆகியவற்றுக்கு மேலே சொன்ன ஜெப ஒழுங்கும் நோட்டும் மருந்தாகாது. ‘பொறுத்துக்கோ மக்களே, ஜெபம் பண்ணு’ என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிற மூப்பர்களும் அன்பியப் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குழு) பெரியவர்களும் அவளை ஆபத்துக்குள் அனுப்புகிறார்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டில் தங்கியிருக்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணையையும் அவள் கேட்கலாம். ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுவது அதற்குப் பிறகு, அல்லது அதோடு சேர்த்து. குடி நோயாகிவிட்ட வீட்டில் முதலில் டாக்டர். திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், உபவாச ஜெபத்தில் மூன்று நாள் அறையில் பூட்டிவைப்பது உயிருக்கே ஆபத்து.

கடன் கந்துவட்டி வரை போய்விட்டதென்றால் நோட்டை எடுத்துக்கொண்டு, இருவருமே நம்புகிற, கணக்குத் தெரிந்த ஒருவரிடம் போங்கள். புருஷன் வீட்டாருமாக இருக்க வேண்டாம், மனைவி வீட்டாருமாக இருக்க வேண்டாம். எல்லாக் கடனையும் அவரிடம் சொல்லுங்கள், மறைத்து வைத்த ஒன்றையும் சேர்த்து. போவதற்கு முந்தின இரவு அந்தத் தொகையைத் துணைவரிடம் சொல்லிவிடுங்கள், மூன்றாம் மனிதர் முன்னால் முதல்முறையாகக் கேட்கும்படி வைக்காதீர்கள்.